மச்சான் மோதிரம்

எதிர்ப் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்களின் கால்விரல்கள் தெரிகின்றன. மேசைக்கு மேலே அவர்களுடைய முகம், கை, இலை, பொங்கல் எல்லாம் ஒழுங்காக இருக்கின்றன. மேசைக்குக் கீழே, விரித்த வெள்ளைக் காகிதம் முடிகிற இடத்திலிருந்து கால்கள் மட்டும் தனியாக, அந்த முகங்களுக்குச் சம்பந்தமில்லாதவை போல நீட்டிக்கொண்டிருக்கின்றன. ஒருவர் வலது கட்டைவிரலால் இடது காலின் மேல்பக்கத்தைச் சொறிந்துகொண்டே வடையைப் பிய்க்கிறார். அவருக்குப் பக்கத்தில் இருப்பவரின் சுண்டுவிரலுக்கு நகமே இல்லை, நகம் இருக்க வேண்டிய இடத்தில் பழைய மெழுகு மாதிரி ஏதோ. பார்க்கக் கூடாது என்று நினைக்கிறேன், பார்க்கிறேன். எட்டு வருஷமாக, இல்லை, ஆறு வருஷமாக நான் மனிதர்களைக் கீழேயிருந்துதான் பார்க்கிறேன். பஸ்ஸில், கோயில் வரிசையில், ஆபீசில் மனு கொடுக்க வருகிறவர்களை. இலையில் வைத்த கேசரியிலிருந்து அன்னாசி எசென்ஸ் வாசனை எழும்பி மூக்கின் உள்பக்கம் ஒட்டிக்கொள்கிறது. ஆரஞ்சு நிறத்தில் நெய் பிரிந்து இலையின் நரம்பு வழியாக ஓடிப் பொங்கலைத் தொடுகிறது. மணி எட்டே கால். ஒன்பதரைக்கு முகூர்த்தம். அதற்கு முன்னால் நான் மேடையேறி, யுவராஜ் என்கிற மாப்பிள்ளையின் இரண்டு கால்களையும் பித்தளைத் தாம்பாளத்தில் வைத்து, பால் ஊற்றிக் கழுவி, துடைத்து, சந்தனம் வைக்க வேண்டும். அவர் என் விரலில் மச்சான் மோதிரம் போடுவார். பெண்ணுக்கு அண்ணனாக இருப்பவன் செய்கிற வேலை அது. பெண்ணின் அண்ணன் கஜேந்திரன். அவன் செத்து ஆறு வருஷம் ஆகிறது. சாகும்போது அவன் பக்கத்தில் இருந்தவன் நான். அதனால் இன்றைக்கு அண்ணன் நான்.

"இன்னாப்பா லோகு, இலைய பாத்துகினே இருந்தா இறங்கிடுமா? சாப்டு" என்று பக்கத்து நாற்காலியில் வந்து உட்காருகிறார் பொன்னுரங்கம். பெண்ணுக்குத் தாய்மாமன். தோளில் புதுத் துண்டு, வாயில் நேற்றைய வாசனை. "மிலிட்டரிக்காரன் இப்டியா சாப்டறது. அங்க இன்னா போடுவாங்க, சப்பாத்தி?" ஆமாம் மாமா என்கிறேன். "கேன்டீன் கார்டு இருக்குதில்ல உங்கிட்ட? ரெண்டு பாட்டில் எட்னு வந்திருக்கலாமில்ல. மாப்ள வூட்டுக்காரங்க வேற கேக்கறாங்க, மிலிட்டரி ஆளு நிக்கிற கல்யாணத்துல மிலிட்டரி சரக்கு இல்லியான்னு." பிறகு குரலைத் தாழ்த்தி, தாழ்த்தியதாக நினைத்துக்கொண்டு, எதிர்ப் பந்திக்கே கேட்கும்படி, "உண்மைய சொல்லு, எத்தினி பேர போட்ட?" நான் சிரிக்கிறேன். இந்தச் சிரிப்பு எனக்குப் பழகிவிட்டது. உதடு விரியும், பல் தெரியும், தொண்டைக்குக் கீழே ஒன்றும் நடக்காது. எண்ணவில்லை மாமா. "பாத்தியா, எண்ணலயாம்!" என்று அவர் எதிரில் இருப்பவரிடம் சொல்ல, அந்த நகமில்லாத சுண்டுவிரல்காரர் தலையாட்டி, ஒரு வாய் கேசரியை வாயில் வைத்துக்கொண்டே, "நம்ம பசங்க வுட மாட்டானுங்க சார், நான் போன்ல பாத்தேன், அப்டியே பாட்டோட போட்டிருந்தான், செம்ம" என்கிறார். ஆரஞ்சு நிறம் அவருடைய நாக்கில் தெரிகிறது. எண்ணவில்லை என்று நான் சொன்னதும் பொய்தான். எண்ண ஒன்றும் இல்லை. மூன்று நாள் நான் சுட்டதெல்லாம் எதிர் மலையை. எதிர் மலையில் யார் மேலாவது பட்டதா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்து நான் தொட்டது ஒரே ஒருவனை, என் பக்கத்தில் கிடந்தவனை.

மண்டபத்து வாசலில் பத்தடி உயரத்துக்கு ஃபிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். நடுவில் ரேணுகாவும் யுவராஜும். இடது மேல் மூலையில் கஜேந்திரன், யூனிஃபார்மில், கையில் ஒரு துப்பாக்கி. அந்தத் துப்பாக்கியை எங்கிருந்தோ வெட்டி ஒட்டியிருக்கிறான் ஃபிளெக்ஸ்காரன். எங்களிடம் அந்த மாதிரித் துப்பாக்கி கிடையாது. பின்னால் பனிமலை வேறு, சாக்லேட் உறையில் வருகிற மாதிரி வெள்ளையும் நீலமுமாக. வலது மேல் மூலையில் நான். என் ஆபீஸ் அடையாள அட்டையிலிருந்து எடுத்த முகம். கீழே, 'வீரமரணம் அடைந்த அண்ணனின் கடைசி ஆசைப்படி, அவர் ஸ்தானத்தில் இருந்து நடத்திவைப்பவர் உயர்திரு சி. லோகநாதன், பி.ஏ.' காலையில் ஆட்டோவை விட்டு இறங்கியபோது அதைப் படித்தேன். கடைசி ஆசை. அந்த இரண்டு சொற்களையும் இந்தக் குடும்பத்துக்குக் கொடுத்தவன் நான். அவன் உடல் இருந்த பெட்டி வந்து பதினாறாம் நாள் முடிந்த பிறகுதான் எனக்கு லீவு கிடைத்தது. இடது காதில் பஞ்சு வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். கஜேந்திரனின் அம்மா ஜெகதா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழாமல் கேட்டாள், அவள் அழுதிருந்தால் தப்பித்திருப்பேன், "கடைசியா இன்னாப்பா சொன்னான்?" என்று. அவன் கடைசியாகச் சொன்னது என் நாக்கு வரைக்கும் வந்தது. அதை ஒரு தாயிடம் சொல்ல முடியாது என்று நினைத்தேன். இல்லை, கவனமாகச் சொல்ல வேண்டும். அதைச் சொன்னால் அடுத்த கேள்வி வரும் என்று நினைத்தேன். அதனால், "தங்கச்சி கல்யாணத்த எனக்குப் பதிலா நீ நின்னு நடத்துடான்னு சொன்னாம்மா" என்றேன். எப்படி அவ்வளவு முழுசாக வந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. ஏதோ ஒரு இடத்தில் கேட்ட வசனம் போல, ஒரு தடுமாற்றமும் இல்லாமல். அப்போது ரேணுகா பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். கல்யாணம் எங்கேயோ இருந்தது. அது வருவதற்குள் மறந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். யாரும் மறக்கவில்லை.

இலையை மூடிவிட்டு எழுந்திருக்கிறேன். இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். நான் இங்கே வந்ததே அதற்குத்தான், கால் கழுவுவதற்கு அல்ல. தாம்பாளத்துக்கு முன்னால் உட்காருவதற்குள் கஜேந்திரனின் அப்பாவிடம் சொல்லிவிட வேண்டும். அந்த மோதிரம் விரலில் ஏறிவிட்டால் பிறகு நான் இந்த வீட்டின் பிள்ளை. பிறகு ரேணுகாவின் குழந்தைக்கு மொட்டையடிக்க என் மடியில்தான் உட்கார வைப்பார்கள். காது குத்த என் மடியில்தான். ஆறு வருஷத்தில் ஒன்பது தடவை சொல்லப் போய், சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்திருக்கிறேன். சொல்ல வேண்டிய வாக்கியத்தை எழுதிப் பார்த்திருக்கிறேன், அடித்திருக்கிறேன், மறுபடி எழுதியிருக்கிறேன். தாலுகா ஆபீசில் எனக்குச் சான்றிதழ் பிரிவு. முதல் பட்டதாரிச் சான்றுக்கு வருகிற மனுக்களை நான்தான் சரிபார்க்கிறேன். 'மேற்கண்ட விவரங்கள் அனைத்தும் உண்மையென உறுதியளிக்கிறேன்' என்ற வரிக்குக் கீழே கையெழுத்து இருக்கிறதா என்று பார்ப்பேன். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் திருப்பி அனுப்புவேன். என்னைக் கண்டாலே பசங்களுக்குப் பயம். நானும் எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி. ராணுவத்திலிருந்து காது போய்த் திரும்பி வந்து, பதினெட்டு வயசுப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து படித்துப் பாஸ் செய்தவன். என் மனுவிலும் அந்த வரிக்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அது உண்மைதான், அந்த விவரங்கள் உண்மைதான். ஆனால் கல்யாண நாளில் போய்ச் சொல்வதா? அதை யோசிக்கும்போதுதான் என் மேல் எனக்கே அருவருப்பாக வருகிறது. வாந்தி வருகிறவன் ஓரமாகப் போய் எடுக்க வேண்டும். ஒரு வயசானவரைக் கூப்பிட்டு, இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, அதில் எடுப்பதா? எனக்கு வயிறு காலியாகும். அவர் அதை ஏந்திக்கொண்டு முகூர்த்தத்தில் நிற்பார். சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் பால் ஊற்றிக் கழுவுவேன், மோதிரம் வாங்குவேன். எது குறைந்த கேவலம் என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்றைக் கேவலம் என்று முடிவு செய்தால் உடனே இன்னொன்று அதைவிடக் கேவலமாகத் தெரிகிறது.

கை கழுவுகிற இடத்தில் கூட்டம். நீளமான தொட்டி, பத்துக் குழாய். அடியில் சாம்பார் நிறத் தண்ணீர் போகாமல் நிற்கிறது. அதில் பொங்கல் பருக்கை, கறிவேப்பிலை, யாரோ கொப்பளித்துத் துப்பிய நுரை. என் முன்னால் நிற்பவர் தொண்டையின் அடியிலிருந்து காறி எடுத்து அதில் சேர்க்கிறார். தண்ணீர் என் வேட்டி விளிம்பில் தெறித்துக் கணுக்காலில் படுகிறது. வெதுவெதுப்பாக இருக்கிறது. அந்த வெதுவெதுப்பு. அதுதான் அங்கேயும் முதலில். பதினாலாயிரம் அடி உயரத்தில் மண்மூட்டை அடுக்கிய ஒரு குழி, அதில் மூன்று பேர். நான், கஜேந்திரன், பஞ்சாபிக்காரரான எங்கள் ஹவில்தார். மூன்றாவது நாள் மதியம் எதிர்ப்பக்கத்துக் குண்டு ஒன்று எங்கள் குழியின் பக்கச் சுவரிலேயே விழுந்தது. சத்தம் கேட்கவில்லை. ஒரு அழுத்தம், பிறகு இடது காதில் விசில், அந்த விசில் இன்னும் நிற்கவில்லை. பிறகு என் தொடையில் வெதுவெதுப்பு. ரத்தம் என்று நினைத்தேன். தொடை வழியாக முழங்கால், கெண்டைக்கால், பூட்ஸுக்குள் இறங்கி விரல்களுக்கு நடுவே நிறைந்தது. ரத்தம் இல்லை. எனக்கு ஒரு காயமும் இல்லை. பயத்தில் மூத்திரம் போயிருந்தேன். அதைவிடக் கேவலம், இதை நான் எந்தத் தாளிலும் எழுதிப் பார்த்ததில்லை, அது எனக்குச் சுகமாக இருந்தது. மூன்று நாளாக உணர்ச்சியே இல்லாமல் கிடந்த கால்விரல்களுக்கு அந்தச் சூடு இதமாக இருந்தது. கஜேந்திரன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சரிந்து விழுவதைப் பார்த்துக்கொண்டே, என் மூத்திரத்தின் கதகதப்பில் கொஞ்ச நேரம் நான் அசையாமல் நின்றேன். "சார், நவுருங்க, எத்தினி நேரம் கை கழுவுவீங்க" என்று பின்னால் யாரோ சொல்கிறார்கள். நகர்கிறேன். கைக்குட்டையை எடுத்து விரல் விரலாகத் துடைக்கிறேன்.

பத்து நிமிஷம்தான் அந்தச் சூடு. பிறகு அது ஐஸாக மாறத் தொடங்கியது. மலைக்கு அனுப்புவதற்கு முன்னால் எங்களுக்குப் பாடம் எடுத்திருந்தார்கள். சாக்ஸ் நனைந்தால் உடனே மாற்று, மாற்றாதவனுக்கு விரல் கறுக்கும், கறுத்த விரலை டாக்டர் வெட்டுவார். படம் காட்டினார்கள். அந்தப் படத்தைப் பார்த்து கஜேந்திரன், "டேய் லோகு, கத்தரிக்கா சுட்ட மாதிரி இருக்குதுடா" என்று காதில் சொல்லிச் சிரிக்க வைத்தான். எங்கள் துணி மூட்டைகள் சரிந்த சுவருக்கு அடியில் போய்விட்டன. மாற்று சாக்ஸ் அதற்குள். ஹவில்தார் கஜேந்திரனுக்கு ஊசி போட்டு, கட்டுப் போட்டு, ஹெலிகாப்டருக்கு வயர்லெஸ்ஸில் கத்திக்கொண்டே குழியின் வாய்க்குப் போனார். மேகம், ஹெலிகாப்டர் வராது. நான் கஜேந்திரன் பக்கத்தில். அவன் ஏதேதோ பேசினான். பிறகு தெளிவாக, "காலப் போத்துடா லோகு, காலு ஜில்லுங்குது" என்றான். போர்வையை இழுத்து அவன் காலில் போட்டேன். அதுதான் அவன் பேசிய கடைசி. பிறகு பேசவில்லை. எவ்வளவு நேரம் பேசவில்லை? அதைத்தான் என்னால் அளக்க முடியவில்லை. இருபது நிமிஷம் என்று ஒரு நாள் தோன்றுகிறது, ஐந்து நிமிஷம் என்று ஒரு நாள். என் விரல்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. அவன் மூக்குக்குக் கீழே கையுறையைக் கழற்றிக் கையை வைத்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. என் கை மரத்திருந்தது, அதில் எது பட்டாலும் தெரிந்திருக்காது, அது எனக்கு அப்போதே தெரியும். செத்துவிட்டான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஹவில்தாரைக் கூப்பிடவில்லை. கூப்பிட்டிருக்கலாம், நாலடி தூரம்தான். போர்வையை நான் போட்ட இடத்திலிருந்து நானே விலக்கி, பூட்ஸின் கயிற்றை அவிழ்த்து, இரண்டு ஜோடி கம்பளி சாக்ஸையும் உருவினேன். இரண்டாவது காலில், உள் சாக்ஸை உருவும்போது, கட்டைவிரல் மடங்கியது. தூங்குகிறவனின் காலிலிருந்து யாராவது எதையாவது இழுத்தால் மடங்குமே, அது போல. அல்லது நான் இழுத்த இழுப்பில் மடங்கியிருக்கலாம். நான் நிறுத்தவில்லை. அவனுடைய வெறும் காலில் பூட்ஸை மறுபடி மாட்டினேன். கயிற்றை ஓட்டைக்கு ஓட்டை சரியாகக் கோத்து, மேலே இரட்டை முடிச்சுப் போட்டேன். போர்வையை இழுத்து மூடினேன். அந்த முடிச்சுதான். செத்தவன் என்று உண்மையிலேயே நம்பியிருந்தால் முடிச்சை ஏன் அவ்வளவு அழகாகப் போட்டேன்? சாக்ஸை மாட்டிக்கொண்டேன். அவனுடைய சூடு அதில் இருந்தது, என்னுடைய சூடாகவும் இருக்கலாம், கம்பளியின் சூடாகவும் இருக்கலாம். முக்கால் மணி கழித்து ஹவில்தார் உள்ளே வந்து அவன் கழுத்தில் இரண்டு விரலை வைத்துப் பார்த்து, அவருடைய பாஷையில், இப்போதுதான் போயிருக்கிறான் என்றார். இப்போதுதான் என்று எல்லாரும் எல்லாச் சாவுக்கும் சொல்வார்கள். ஆறுதலுக்குச் சொல்வார்கள். அவர் உண்மையாகவும் சொல்லியிருக்கலாம். எனக்குப் பத்து விரலும் இருக்கின்றன.

மணமகள் அறைக்குப் பக்கத்துச் சின்ன அறையில் எனக்காகப் பட்டு வேட்டி, சட்டை எடுத்து வைத்திருக்கிறார்கள். ஜெகதாவே பிரித்து, சட்டையைத் தோளில் வைத்துப் பார்க்கிறாள். "அவன் அளவுதான் உனக்கும். கடக்காரன் கேட்டான், ஆள் இல்லாம எப்டிமா எடுக்கறீங்கன்னு. எம்புள்ள அளவு எனக்குத் தெரியாதான்னேன்." சட்டை எனக்குச் சரியாக இருக்கிறது. தோள், கை, நீளம் எல்லாம். புதுத்துணியில் கஞ்சி வாசனை. இந்த வீட்டில் எனக்குக் கொடுப்பதெல்லாம் அவனுடையது. தட்டு அவனுடையது, பாய் அவனுடையது, அப்பாவை நைனா என்று கூப்பிடுவதும் அவனுடையது, எங்கள் ஊர்ப்பக்கம் நாங்கள் அப்பா என்றுதான் சொல்வோம். ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டே இருக்கிறேன். கதவு திறந்து ரேணுகா எட்டிப் பார்க்கிறாள், தலை நிறையப் பூ, நெற்றிச்சுட்டி கோணலாக. "அண்ணா, அந்தாளு காலப் பாத்தியா? நேத்து ரிசப்ஷன்ல ஷூ கழட்டனப்ப நான் பாத்தேன், பித்தவெடிப்பு. நல்லா தேச்சிக் கழுவு, என்னா?" என்று சிரிக்கிறாள். அம்மா அவளை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துகிறாள். நாதஸ்வரம் தொடங்கிவிட்டது. வலது காதில் ராகம், இடது காதில் வெறும் விசில், இரண்டும் மண்டைக்குள் சேருகிற இடத்தில் ஏதோ புழு ஊர்கிற மாதிரி இருக்கிறது. முன்வரிசை நாற்காலியில் கஜேந்திரனின் படத்தை உட்கார வைத்து மாலை போட்டிருக்கிறார்கள். மார்பு வரைக்கும்தான் படம். மணி ஒன்பது.

சமையல்கட்டுக்கும் மேடைக்கும் நடுவே சாமான் அறை. அங்கே கன்னியப்பன், கஜேந்திரனின் அப்பா, கீழே குந்தி உட்கார்ந்து குண்டானிலிருந்து செம்புக்குப் பால் ஊற்றிக்கொண்டிருக்கிறார். நெசவுக்காரர். எதை ஊற்றினாலும் நூல் மாதிரி சிந்தாமல் ஊற்றுவார். பக்கத்தில் தாம்பாளம், புதுத்துண்டு, சந்தனக் கிண்ணம். விரலைப் பாலில் விட்டுப் பார்த்து, "ஆற வச்சிருக்கேன்பா. சூடா ஊத்திட்டா மாப்ள குதிச்சிடுவான்" என்று சிரிக்கிறார். கதவைச் சாத்துகிறேன். நான் சாத்துகிறேன் என்பதை என் கையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். அடித்து அடித்து எழுதிய வாக்கியங்களில் ஒன்றுகூட இப்போது ஞாபகத்தில் இல்லை. "நைனா, கஜா கிடந்தப்ப அவன் கால்ல இருந்த சாக்ஸ நான் கழட்டிப் போட்டுக்கிட்டேன்." அவர் நிமிர்ந்து பார்க்கிறார், புரியாத முகம், கோபம் இல்லை. "எதுக்கு?" "என்னது நனஞ்சிடுச்சு." "பனியில நனஞ்சிதா?" ஆமாம் என்று சொல்லலாம். அவரே எடுத்துக் கொடுக்கிறார். "இல்ல நைனா. பயத்துல மூத்திரம் போயிட்டேன்." தலையை ஆட்டுகிறார், பாவுநூலில் அறுந்த இழை எங்கே என்று தேடுகிறவர் போல, மெதுவாக. "உசுரு போனப்பறம் கழட்டனதுதான?" "தெரியல." "தெரியலன்னா?" "கழட்டறப்ப விரலு மடங்கின மாதிரி இருந்துச்சு. நான் நிறுத்தல." வெளியே யாரோ மைக்கை ஊதிப் பார்க்கிறார்கள். அவர் செம்பைக் கீழே வைக்கிறார். பிறகு கேட்கிறார், நெசவில் எந்த இழைக்குப் பிறகு எந்த இழை என்று வரிசைப்படுத்துகிற அதே நிதானத்தில், "அவன் தங்கச்சி கல்யாணத்த பத்தி உங்கிட்ட சொன்னானே, அது சாக்ஸு கழட்டறதுக்கு முன்னயா, பின்னயா?" இந்தக் கேள்வியை நான் ஒரு நாளும் எதிர்பார்த்ததில்லை. "அவன் அதச் சொல்லவே இல்ல நைனா. அது நானாச் சொன்னது." "பின்ன இன்னா சொன்னான்?" "காலு ஜில்லுங்குது, போத்துன்னான்."

பால் மேல் மெல்லிய ஆடை படர்ந்திருக்கிறது. அவர் அதை ஒரு விரலால் எடுத்து, எங்கே துடைப்பது என்று தெரியாமல், கொஞ்ச நேரம் விரலை அப்படியே வைத்திருந்து, சுவரில் தேய்க்கிறார். எனக்குள் என்ன நடக்கிறது என்று கவனிக்கிறேன். கவனிக்காமல் இருக்க முடியவில்லை. வயிற்றில் ஒரு லேசான காலியிடம். நிம்மதி. அந்த மனிதர் சுவரில் விரலைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது எனக்கு நிம்மதியாக இருக்கிறது, பூட்ஸுக்குள் சூடு இறங்கியபோது இருந்த அதே இதம். என்னைப் பிடித்து யாராவது அடித்தால் நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன், அதுவும் என் சுகத்துக்காகத்தான். "ஜெகதாகிட்ட சொல்லிக்கீறியா?" "இல்ல." "ரேணுகா?" "இல்ல." "சொல்லாத." எழுந்திருக்கிறார். முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுகிறார், நான் கை கொடுக்கப் போகிறேன், அதற்குள் எழுந்துவிட்டார். "வேற யாரையாவது கழுவச் சொல்லுங்க நைனா. நான் போயிடறேன்." "பேனர் கட்டிக்கீது. எல்லாரும் உன்னத்தான் கேப்பாங்க. ஜெகதா கேப்பா." தாம்பாளத்தை என் கையில் வைக்கிறார். செம்பை வைக்கிறார். துண்டை என் தோளில் போடவில்லை, தாம்பாளத்தின் மேலேயே வைக்கிறார். "போயி கழுவு. மத்தியானம் சாப்ட்டுட்டு போ, ஜனங்க பாப்பாங்க. அதுக்கப்பறம் எங்க வூட்டுக்கு வர வாணாம்." குரல் உயரவே இல்லை. கதவைத் திறந்து எனக்கு வழிவிடுகிறார்.

மேடையில் யுவராஜ் நாற்காலியில் உட்கார்ந்து வெட்கத்தோடு வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காலை நீட்டுகிறார். பாவம், நல்ல மனிதர். கால் வெடிப்புகளில் நேற்று அவசரமாகப் பூசிய களிம்பு வெள்ளையாக நிற்கிறது. ஊற்றுகிறேன். பால் வெடிப்புகளில் இறங்குகிறது. தேய்க்கிறேன், குதிகால், புறங்கால், விரல் இடுக்கு. அவருக்குக் கூச்சமாக இருக்கிறது, சிரிப்பை அடக்குகிறார். துடைக்கிறேன். சந்தனம், குங்குமம் வைக்கிறேன். மோதிரத்தை என் விரலில் மாட்டுகிறார், மூட்டில் சிக்குகிறது, "சாரி மச்சான்" என்று சொல்லி அழுத்துகிறார், ஏறிவிடுகிறது. கீழே ஜெகதா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் இருக்கும் படத்திடம் ஏதோ சொல்கிறாள். பொன்னுரங்கம் கைதட்டச் சொல்லி எல்லாரையும் கிளப்புகிறார். போட்டோகிராபருக்குத் திருப்தி இல்லை. "சார், மோதிரம் போடறது மறைஞ்சிடுச்சு, இன்னொரு தடவை. கழட்டிட்டுப் போடுங்க. அப்பா எங்க? அப்பா, நீங்க பின்னாடி வாங்க. அவர் தோள்மேல கை வைங்க. ஆங், புள்ள தோள்ல வைக்கிற மாதிரி." கன்னியப்பன் வந்து என் பின்னால் நிற்கிறார். பட்டுச் சட்டையின் தோள்பட்டையை நோக்கி அவர் கை வருவதை ஓரக்கண்ணால் பார்க்கிறேன். வந்து நிற்கிறது. "சூப்பர், அப்டியே இருங்க" என்கிறான் போட்டோகிராபர். விளக்கு அடிக்கிறது, ஒரு தடவை, இரண்டு தடவை. அந்தக் கையின் கனத்துக்காகக் காத்திருக்கிறேன். கனமே இல்லை. மெதுவாகத் தலையைத் திருப்பிப் பார்க்கிறேன். யாருக்கும் தெரியாத அளவுக்கு, படத்தில் ஒருபோதும் தெரியாத அளவுக்கு, என் சட்டைக்கும் அவர் உள்ளங்கைக்கும் நடுவே ஒரு நூல் இடம் விட்டுக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அப்படிப் பிடித்திருப்பது கஷ்டம். கை நடுங்குகிறது. ஆனாலும் தொடவில்லை.